மூட்டு வைத்தியமும் கரண்டும்

மூட்டுகளைக் கையாலேயே சரிசெய்யும் சிகிச்சைக்கு இரண்டு சான்றிதழ் படிப்புகள். ஒன்றில் மூட்டை மெதுவாக அசைக்கக் கற்றுத்தருகிறார்கள், மற்றதில் சட்டென்று சொடுக்க. ஒன்றை முடித்தவர்கள் மற்றது வீண் என்கிறார்கள். உத்திரமேரூரில் பிசியோதெரபி பார்க்கும் எனக்கு, இரண்டுக்கும் விண்ணப்பம் வாங்கி வைத்துக்கொண்டு எதில் சேர்வதென்று ஒரு வாரமாக மண்டை காய்ந்தது.

அன்று சாலவாக்கத்திலிருந்து நடவு வேலை செய்யும் அக்கா ஒருவர் இடுப்பு வலியோடு வந்தார். அரைமணி நேரம் கையாலேயே பார்த்தேன். குனிந்து நிமிர்ந்தார். சிரமமே இல்லை. முகம் மட்டும் வாடியிருந்தது.

“இன்னாம்மா, கரண்டு வைக்கலியா?”

“கையாலயே சரியாப்போச்சேக்கா.”

“கையால புடிச்சுவுட எங்கூட்லயே ஆளு கீது. கரண்டுக்குத்தான் பஸ் ஏறி வந்தேன்.”

எரிச்சலோடு அவர் இடுப்பில் பட்டைகளை ஒட்டி, லேசாகக் கரண்டு பாய்ச்சும் வலி மெஷினைப் போட்டேன். பத்து நிமிடம் கழித்து, “இப்பத்தாம்மா வலி வுட்டுச்சு” என்றார்.

இரண்டு விண்ணப்பங்களும் இன்னும் அந்த மெஷின்மேல்தான் கிடக்கின்றன.