ஜெஸ்லினுக்குக் கால் உடையவில்லை

ஜெஸ்லினுக்குக் கால் உடைந்துவிட்டது, அதனால்தான் அவளால் போக முடியவில்லை என்று பொன்மலையில் இன்னும் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பேப்பரிலும் அப்படித்தான் போட்டிருந்தது. உடையவில்லை. அந்தக் கால் எனக்குத் தெரியும். ஏழு வயதிலிருந்து அந்தப் பிள்ளையின் உடம்பை டேப் வைத்து அளந்து வருகிறவள் நான். இடுப்பு எத்தனை, தொடை எத்தனை, தோளில் தொடங்கிக் கவட்டை சுற்றி மறுபடியும் தோள் வரை எத்தனை என்று பத்து வருஷக் கணக்கு என் அளவு நோட்டில் இருக்கிறது. ஆகவே நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

அவள் அப்பா அடைக்கலராஜ் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். அம்மா சகாயராணி ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா. எங்கள் குவார்ட்டர்ஸுக்கு எதிர் வரிசையில் அவர்கள் வீடு. ஆறு வயதில் இந்தப் பிள்ளை காம்பவுண்டுச் சுவர் மேல் ஏறி நடக்கும். ஷிப்டு முடிந்து சைக்கிளில் வருகிறவர்கள் இறங்கி நின்று, "ஏ பாப்பா, இறங்கு, விழுந்துருவ" என்று கத்துவார்கள். அவள் சுவர் முனை வரை வந்து, ஒற்றைக் காலிலேயே திரும்பி, வந்த வழியே போவாள். சகாயராணி கீழே விளக்குமாறோடு காத்திருப்பாள். எத்தனை அடி வாங்கினாலும் மறுநாள் சாயங்காலம் சுவர் மேல்தான்.

கடைசியில் அடிக்கிறதை விட்டுவிட்டு, ரயில்வே ஆட்களின் பிள்ளைகளுக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் சொல்லிக்கொடுத்த ஹாலில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அங்கே பீம் என்று ஒன்று உண்டு. பத்து சென்டிமீட்டர் அகலம். என் உள்ளங்கையை விரித்து வைத்தால் விரல்கள் வெளியே நிற்கும். அதன் மேல்தான் ஓட வேண்டும், குதிக்க வேண்டும், பின்பக்கமாகப் பல்டி அடித்து நிற்க வேண்டும். வீட்டிலும் பழகட்டும் என்று அடைக்கலராஜ் ஏலத்தில், தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த ஒரு பழைய ஸ்லீப்பர் கட்டையை எடுத்து, அதே அகலத்துக்கு இழைத்து, முருங்கை மரத்தடியில் போட்டுக் கொடுத்தார். மழையில் நனைந்தால் அதைத் துடைப்பதுதான் அந்த வீட்டில் முதல் வேலை.

காஸ்ட்யூம் நான் தைத்தேன். பெரிய கடைவீதியில் இழுத்தால் நீளும் துணி வாங்கி, முதல் முறை இரண்டு தடவை பிரித்துத் தைத்தேன். ஜாக்கெட்டுக்கு உள்ளே துணி விட்டுத் தைக்கிற மாதிரி இதற்கும் விடுவேன். வளர்கிற பிள்ளை, பிரித்துவிட்டால் இன்னொரு வருஷம் ஓடும். உள்பக்கம் நெஞ்சுக்கு நேராகச் சிவப்பு நூலில் கடுகளவு ஒரு சிலுவை, பக்கத்தில் அவள் பெயர். கோயிலில் ஒரு அம்மாள் என்னைப் பார்த்து, "ஏன் வியாகுலம், பொம்பளப்புள்ள தொட தெரிய உடுப்பத் தச்சுக் குடுத்துட்டு நீ நற்கருணை வாங்க வேற வரியா?" என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற சகாயராணி சொன்னாள். "உங்க மக கல்யாண ஜாக்கெட்டு முதுகுல துணியே இல்லியே, அத யாரு தச்சா? மாதாவா?"

இந்த வருஷம், வெளிநாட்டில் நடக்கிற பெரிய விளையாட்டு விழாவுக்குப் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் டீம் எடுத்தார்கள். நாலு பேர் போகலாம். ஒவ்வொரு கருவியிலும் நாலு பேரும் செய்வார்கள், நல்ல மார்க் மூன்றைக் கூட்டுவார்கள், மிச்சம் ஒன்றைத் தள்ளிவிடுவார்கள். தேர்வில் ஜெஸ்லின் மூன்றாவதாக வந்தாள். பதினேழு வயது. கோயில் மணியை அடிக்கச் சொல்லலாமா என்றுகூட எனக்கு இருந்தது.

டீமுக்கு வர வேண்டிய உடுப்பு வரவில்லையாம். டெல்லிப் பயிற்சி முகாமில் ஜெஸ்லின் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, நாலு பேருக்கும் என்னையே தைக்கச் சொன்னார்கள். நீலத் துணி, தோளில் ஆரஞ்சுப் பட்டை. துணியையும் மற்ற மூன்று பேர் அளவையும் அவர்களே அனுப்பினார்கள், துணி நாலுக்குச் சரியாக. நாலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், ஒன்று மாறினாலும் டீமுக்கு ஒரு முழு பாயிண்ட் போய்விடும் என்று ஜிம்னாஸ்டிக்ஸ் சங்கத்துச் செயலாளர் ஜெய்சங்கர் போனில் மூன்று தடவை சொன்னார். நாலிலும் உள்ளே சிலுவையும் பெயரும் போட்டேன். நாலாவது ஜெஸ்லினுடையது.

ஜூலை நாலாம் தேதி. முதல் வெள்ளி. மாதத்து முதல் வெள்ளிப் பூசையை நான் தவறவிட்டதே இல்லை, அது முடிந்து வந்து போனைப் பார்த்தால் ஜெய்சங்கரிடமிருந்து மெசேஜ். "நாலாவது காஸ்ட்யூம் அளவு மாற்றம்" என்று போட்டு, கீழே புது அளவு. பெயர் இல்லை. இடுப்பு இரண்டு அங்குலம் கூட, கை ஒரு அங்குலம் நீளம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சந்தோஷப்பட்டேன். டெல்லி முகாமில் முட்டையும் கறியும் போடுகிறார்கள், பிள்ளை தேறிவிட்டாள், உயரமும் கூடிவிட்டது என்று நினைத்து, மாதா படத்துக்கு முன்னால் ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன். நோட்டில் தேதி போட்டு, 'ஜெஸ்லின், புது அளவு, முதல் வெள்ளி' என்று எழுதினேன். உள்ளே விட்டிருந்த துணியைப் பிரித்துப் பெரிதாக்கினேன். அந்தக் கையை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றி எரிகிறது. ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா நான்?

பதினாலாம் தேதி ஜெஸ்லின் பையோடு வந்து வாசலில் நின்றாள். அப்படியே ஒல்லியாக, போனது போலவே.

"எங்கடி அந்த உடம்பு?" என்றேன்.

"எந்த உடம்பு, அத்தை?"

போட்டுப் பார்க்கச் சொன்னேன். இடுப்பில் தொளதொளவென்று நின்றது. கை மணிக்கட்டைத் தாண்டி வந்தது. ஜெஸ்லின் குனிந்து பார்த்துவிட்டு, "இது எனக்கு இல்ல அத்தை. என்ன அனுப்பிட்டாங்க" என்றாள். அப்புறம்தான் சொன்னாள். பத்தாம் தேதி பயிற்சியில் இறங்கும்போது கணுக்கால் கொஞ்சம் பிசகியது. ஐஸ் வைத்தார்கள், மறுநாளே வீக்கம் வடிந்துவிட்டது. பன்னிரண்டாம் தேதி ஒரு சர்டிபிகேட்டைக் காட்டி, கால் எலும்பில் விரிசல், ஆறு வாரம் ஓய்வு, வீட்டுக்குப் போ என்றார்களாம். அவள் இடத்துக்கு வேறு ஒரு பெண். தேர்வில் ஏழாவதாக வந்தவள். அவள் அப்பா சங்கத்துக்கு வேண்டப்பட்டவர்.

"விரிசலா?" என்று எதிர் வீட்டிலிருந்து வந்து நின்ற சகாயராணி அலறினாள்.

ஜெஸ்லின் நேரே அவர்கள் வீட்டுக்குப் போய், அப்பா இழைத்த கட்டை மேல் ஏறி, பின்பக்கமாக ஒரு பல்டி அடித்து அசையாமல் நின்றாள். இறங்கி வந்து அழுதாள்.

நான் போனை எடுத்துத் தேதியைப் பார்த்தேன். மறுபடி பார்த்தேன். நோட்டையும் பார்த்தேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு கோபம் எனக்கு வந்ததில்லை. எழுந்த வேகத்தில் ஊசிப் பெட்டி கீழே கொட்டிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெய்சங்கர் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணத்துக்கு வருவதாகவும், நாலு காஸ்ட்யூமையும் அங்கே கொண்டுவரச் சொல்லியும் ஏற்கெனவே போன் வந்திருந்தது. நான், சகாயராணி, ஜெஸ்லின் மூன்று பேரும் பஸ் ஏறினோம். காவிரிப் பாலத்தில் சகாயராணி, "நீங்க பேசாதீங்கக்கா, நீங்க பேசுனா கெஞ்சுற மாதிரி இருக்கும். நான் பேசுறேன்" என்றாள்.

அம்மா மண்டபம் ரோட்டில் கல்யாண மண்டபம். ஜெய்சங்கர் பட்டுவேட்டியில் சாப்பாட்டுக் கூடத்து வாசலில் நின்றார். எங்களைப் பார்த்ததும் சிரித்தார்.

"வாங்க டெய்லரம்மா. நாலும் ரெடியா? மொதல்ல சாப்பிடுங்க, பந்தி இப்பத்தான் உக்காருது."

"சாப்பிட வரல" என்றாள் சகாயராணி. "எம் புள்ள கால் நல்லா இருக்கு. பாருங்க."

"நான் என்ன டாக்டராம்மா? சர்டிபிகேட் இருக்கு. விதின்னு ஒன்னு இருக்குல்ல. விழுந்தது என் தப்பா?"

அப்போது நான் பேசினேன். கெஞ்சுகிற மாதிரி இல்லை.

"விழுந்தது பத்தாம் தேதிங்க. நீங்க வேற புள்ள அளவ அனுப்புனது நாலாம் தேதி. எங்க புள்ள விழுறதுக்கு ஆறு நாள் முன்னாடியே, அவ விழுவான்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

பந்திக்குப் போகக் கையலம்பிக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஜெய்சங்கர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது.

"தேதியெல்லாம் மாறியிருக்கும்மா. நீங்க சரியாப் பாத்திருக்க மாட்டீங்க."

"முதல் வெள்ளிங்க. முதல் வெள்ளி எனக்கு மாறாது."

"லிஸ்ட் போயாச்சு. இனிமே ஆண்டவனே வந்தாலும் மாத்த முடியாது. பைய குடுங்க."

பையை மார்போடு அணைத்துக்கொண்டேன். "குடுக்க முடியாது" என்றேன். அவர் முகம் மாறியது அப்போதுதான். பிள்ளையைத் திருப்பி அனுப்பும்போது மாறாத முகம்.

"என்னம்மா இது! டீம் போக ஒன்பது நாள்தான் இருக்கு. நாலும் ஒரே மாதிரி இல்லன்னா ஒரு பாயிண்ட் போயிடும்!"

"ஒரு பாயிண்டுக்கு இந்தப் பதறு பதறுறீங்களே. ஒரு புள்ளயவே எடுத்துட்டீங்களே!"

நான் அந்தப் பையைத் திருப்பிக் கொண்டுபோயிருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன். ஜெஸ்லின்தான் என் கையைப் பிடித்தாள்.

"குடுத்துருங்க அத்தை."

"என்னடி சொல்ற?"

"மத்த மூணு பேரும் என்ன பண்ணாங்க? ஒரே ரூம்ல படுத்தோம். அவங்க பாயிண்டு போக வேணாம்."

அவளே பையை வாங்கி அவரிடம் கொடுத்தாள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று மறுபடியும் சொன்னார் அந்த மனுஷன். சகாயராணி, "உங்க எலச் சோறு எங்களுக்குச் செரிக்காது" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். பஸ்ஸில் நான் ஜெஸ்லினோடு பேசவில்லை. அவள் மேலும் கோபம்தான் எனக்கு. அத்தனை நல்லவளாக இருக்க வேண்டுமா ஒருத்தி?

போட்டியை அடைக்கலராஜின் போனில் பார்த்தோம். முதல் கருவியிலேயே நம் பெண் ஒருத்தி தவறாக இறங்கி முழங்கால் திரும்பிவிட்டது. தூக்கிக்கொண்டு போனார்கள். அதற்கு மேல் மூன்றே பேர், தள்ளிவிட நாலாவது மார்க் கிடையாது. பீமில் அந்தப் புதுப்பெண் ஏறினாள். என் தையல், தோளில் ஆரஞ்சுப் பட்டை, உள்ளே ஜெஸ்லின் பெயர். சின்னப் பிள்ளை, கால் வெடவெடவென்று ஆடியது போனிலேயே தெரிந்தது. அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. இரண்டு தடவை விழுந்தாள். ஒரு தடவை விழுந்தால் ஒரு பாயிண்ட். எட்டு டீம் ஃபைனலுக்குப் போகும். நாம் ஒன்பதாவது. எட்டாவதுக்கும் நமக்கும் பத்தில் ஆறு பாயிண்ட்தான் வித்தியாசம். அரைப் பாயிண்டுக்குச் சற்று மேல். ஜெஸ்லின் பீமில் விழுந்து நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் பேப்பரில் ஜெய்சங்கர் சொல்லியிருந்தார், முக்கிய வீராங்கனை ஜெஸ்லினுக்குக் கால் உடைந்ததால் டீம் பின்னடைந்தது என்று. முக்கிய வீராங்கனையாம்!

மெசேஜையும் நோட்டுப் பக்கத்தையும் படம் எடுத்து, ஜெஸ்லின் மனு எழுத, பதிவுத் தபாலில் மேலிடத்துக்கு அனுப்பினோம். போதிய ஆதாரம் இல்லை என்று ஒரு வரியில் பதில் வந்தது. அந்த வாரமே ஒரு கூரியரும் வந்தது. பிரித்தால் நீலக் காஸ்ட்யூம். துவைத்து மடித்து, மேலே ஒரு சீட்டு.

"அக்கா, உள்ளே உங்கள் பெயர் இருந்தது. போடும்போதெல்லாம் பார்த்தேன். என்னை அளவு எடுத்தது ஜூலை இரண்டாம் தேதி. யார் கேட்டாலும் சொல்வேன். அப்பாவுக்குத் தெரியாது." கீழே போன் நம்பர்.

சகாயராணி அதைப் படித்துவிட்டுத் திரும்ப மடித்து வைத்தாள். "இதுவும் ஒரு தாய் பெத்த புள்ளதானே" என்றாள். அந்தச் சீட்டையும் சேர்த்து இரண்டாவது மனு போட்டோம். இப்போது விசாரணைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். ஜனவரியில் அடுத்த தேர்வு. காஸ்ட்யூமைப் பழைய அளவுக்குப் பிடித்துத் தரச் சொல்லி ஜெஸ்லின் கொண்டுவந்து மெஷின் மேல் வைத்திருக்கிறாள். பழைய தையலின் ஊசித் துளைகள் அப்படியே இருக்கின்றன, அதே கோட்டில் ஓட்டிவிடலாம்.

ஜெபமாலை சொல்லும்போது பரலோக மந்திரத்தில் தீமை செய்தவர்களைப் பொறுப்பது பற்றி வரும் இடத்தில் எனக்கு நாக்கு எழுவதில்லை. மற்றவர்கள் சொல்லி முடிக்கும் வரை வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். பொறுத்துப் போம்மா என்றார். விசாரணை முடியட்டும் சாமி என்றேன்.

நேற்று சங்கத்திலிருந்து போன் வந்தது. அளவு நோட்டு அசலைத் தபாலில் அனுப்பச் சொன்னார்கள், பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார்களாம்.

"அனுப்ப மாட்டேங்க" என்றேன். "நானே கொண்டாறேன். என் கையில வச்சுக்கிட்டுத்தான் காட்டுவேன். அந்தப் பக்கத்த நீங்க சத்தமாப் படிக்கணும்."