குறுக்கே நின்ற முத்துமாரி

பரிவைப் பற்றிப் பாடம் நடத்தியும் ஆய்வு செய்தும் பேராசிரியரானவள் நான். அச்சங்குளத்தில் ஒரு பட்டாசு ஆலைக்கு மாணவிகளுடன் ஆய்வுக்கான கேள்வித்தாள் கொண்டுபோனேன். முத்துமாரி என்ற தொழிலாளி தன் வேலையைப் போட்டுவிட்டு என் பின்னாலேயே வந்தார். வெடிமருந்து கலக்கும் அறைப் பக்கம் நான் திரும்பியபோதெல்லாம் குறுக்கே நின்றார். முதலாளி அனுப்பிய ஆள், உள்ளே எதையோ மறைக்கிறார்கள் என்று முடிவுகட்டினேன். குறிப்பேட்டில் ‘உளவாளி’ என்றே எழுதினேன்.

கிளம்பும்போது தனியாக அழைத்து, “எதுக்கு என்னையே சுத்தி வந்தீங்க?” என்று கேட்டேன்.

“நீங்க பாலியஸ்டர் சேலை கட்டியிருக்கீக. உரசுனா பொறி வரும். மருந்துக்கிட்ட நூல் சேலைதான் ஆகும். பிள்ளைக முன்னாடி சொன்னா உங்களுக்குச் சங்கடமா இருக்கும்ல,” என்றார்.

அன்று அங்கிருந்த எல்லாப் பெண்களுக்கும் பரிவு பற்றிய கேள்வித்தாளைக் கொடுத்திருந்தேன். அவருக்கு மட்டும் கொடுக்கவில்லை.