தகரவாய் சோலைமலை

எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில், தொழிலாளர் சங்கத்துக்காகவோ சினிமாக் கொட்டகைக்காகவோ, கூலிக்காரர் குடியிருக்கும் லயம் லயமாகப் போய்க் கத்துகிறவனைத் 'தகரவாய்' என்பார்கள். மண்ணெண்ணெய்த் தகரத்தைச் சுருட்டி வாயில் வைத்துக் கத்துவதால் வந்த பெயர். முதலில் அது செல்லப்பெயர்தான். "தகரவாய் வந்தாச்சு, என்னா சேதின்னு கேளுங்க" என்று பெண்கள் சிரிப்பார்கள். பிற்பாடு, பொய் சொல்லி ஊரைக் கெடுக்கிறவனுக்கெல்லாம் அதுவே வசவாயிற்று. வசவாக்கியது யார்? நான்தான்.

லிந்துலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் நான் சங்கத்துக் காரியதரிசி. சோலைமலை தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டுகிறவன். எழுத்து வாசனை கிடையாது. நான் எழுதியதை இரண்டு தரம் வாசித்துக் காட்டினால், வரி பிசகாமல் கத்திவிட்டு வருவான். இந்தியாவிலிருந்து வந்த தோட்டத்துச் சனங்கள் இலங்கைப் பிரஜாவுரிமைக்குப் பாரம், அதாவது விண்ணப்பம், போட்டுக் கேட்கச் சொல்லிச் சட்டம் வந்தது. "இது நமக்கு அவமானம், ஒருத்தரும் போடக்கூடாது" என்றது சங்கம். நான் எழுதினேன், அவன் கத்தினான். சனங்கள் நம்பினார்கள். அவனும் நம்பினான்.

ஐம்பத்தொன்றில் பாரம் போடுகிற தவணை முடிய ஒரு வாரம் இருக்கும்போது எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஹட்டனுக்குப் போய் என் பாரத்தை மட்டும் தபாலில் போட்டேன். அன்று பின்னேரமும் "பாரம் போடாதீங்க" என்று அவனைக் கத்த அனுப்பினேன். சீ, நானும் ஒரு மனுஷனா!

எனக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. அப்பாவின் பிறப்புப் பத்திரத்தால் கிடைத்ததென்று ஊரில் புளுகினேன். அவனிடம் மட்டும் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினான். பிறகு, "வெளிய சொல்லிராதீங்கண்ணே, ஒங்கள வெட்டிப்புடுவாங்க" என்றான்.

அறுபத்து நாலில் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஒப்பந்தம் வந்தது. பிரஜாவுரிமை இல்லாதவர்களை இந்தியாவுக்கு ஏற்றப்போகிறார்கள் என்று லயமே கலங்கியது. எங்கள் லயத்து வீரய்யா, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்திலேயே சோலைமலையின் சட்டையைப் பிடித்தான்.

"தகரவாய்ப் பயலே! ஒன் பேச்சக் கேட்டுத்தானடா பாரம் போடல. எம் புள்ளைங்கள எங்கடா கொண்டுபோவேன்? யாருடா ஒனக்குச் சொல்லிக்குடுத்தது?"

நான் நாலடி தள்ளி நின்றேன். சோலைமலை என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"யாரும் சொல்லல. நானாத்தான் சொன்னேன்."

வீரய்யா அறைந்தான். சோலைமலை தடுக்கவில்லை. என் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு தோட்டத்தில் யாரும் அவனோடு பேசவில்லை. நானும் பேசவில்லை.