டக்ளஸ் கிளாக்கரின் சராசரி

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கிளாக்கராக இருந்த டக்ளஸுக்குச் சொற்களின் பூர்வீகம் தெரியும். தன் பூர்வீகம்தான் மறந்துபோயிற்று. கொழுந்து பறித்தவளின் மகன். அட்டனில் மிஷன் பள்ளிக்கூடம் போய், ஏலத்தில் தடித்த அகராதி ஒன்றை எடுத்த பிறகு, கூலிச் சனம் குடியிருந்த லயத்துப் பக்கம் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நடந்தார். படிப்பு அவரை உயர்த்தியது உண்மை. சப்பாத்துக் குதிகால் உயர்த்துகிற அளவுக்கு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டில் தேயிலை விலை விழுந்தது. ஆள் குறைக்கத் துரைக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. டக்ளஸ் கொடுத்தார்: அன்றன்று பறித்த கொழுந்துக்குச் சராசரி போடுவது, மூன்று நாள் தொடர்ந்து அதற்குக் கீழே நிறுப்பவளின் பேரை வெட்டித் தோட்டத்தை விட்டு அனுப்புவது.

"எல்லாரும் நல்லாப் பறிச்சாலும் சராசரிக்குக் கீழ நாலு பேரு இருக்கத்தானேங்க செய்வாங்க?" என்றார் கங்காணி லெட்சுமணன்.

டக்ளஸ் சிரித்தார். "சராசரின்னா என்னான்னு தெரியுமாய்யா ஒனக்கு? பாரசீகச் சொல்லு. 'சர்'னா தலை. இங்கிலீசுல ஆவரேஜ். அதோட வேரு அரபு; சரக்குல விழுந்த சேதம்னு அர்த்தம். புயல்ல கப்பலக் காப்பாத்த ஒருத்தன் மூட்டையக் கடல்ல எறிஞ்சா, அந்த நட்டத்த எல்லா யாவாரியும் பங்கு போட்டுக்குவான். இதெல்லாம் படிச்சாத்தான் தெரியும்."

தான் கேட்டதற்குப் பதில் வரவில்லை என்று கங்காணி கவனித்தார். டக்ளஸ் கவனிக்கவில்லை.

கொழுந்து பறிக்கிற மீனம்மா பிள்ளை பெற்று நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. முதல் நாள் பதினாலு ராத்தல், மறுநாள் பதின்மூன்று. இரண்டு நாளும் கீழே. மூன்றாம் நாள் பின்னேரம் கூடைகள் தராசுக்கு வந்தன.

"இருபது" என்று கூவினார் கணக்கப்பிள்ளை. அடுத்தவளுக்கும் இருபது. மீனம்மாவுக்கும் இருபது. பத்தாவது கூடையில் டக்ளஸ் எழுந்து, தராசில் இரும்புக் கல்லைத் தொங்கவிட்டுப் பார்த்தார். தராசில் பிழையில்லை.

"ஏ நாகலெட்சுமி, நேத்து முப்பது நிறுத்தவ நீ. இன்னைக்கு என்னாடி?"

"கை வலிங்க, ஐயா."

"ஒனக்கு?"

"எனக்குந்தாங்க. லயம் பூரா கை வலிங்க."

சிரிப்பு மலைச்சரிவில் உருண்டது. பிள்ளை பெற்று வந்தவளின் கூடையில் ஆளுக்கு ஒரு கை கொழுந்து போடுவது அங்கே வழக்கம்; முதல் இரண்டு நாளும் அது போதவில்லை. அன்று மலையிலேயே எல்லாக் கூடையையும் விரித்த படங்குச் சாக்கில் கொட்டி, கை அளவாகப் பங்கு போட்டிருந்தார்கள். தராசில் முழு ராத்தல்தான் எழுதுவது. கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் அதில் தெரியாது. டக்ளஸைப் பெற்ற வருஷம் அவர் தாயின் கூடையும் அப்படித்தான் நிறைந்தது. அதை அவர் எந்த அகராதியிலும் பார்த்ததில்லை.

கூட்டி வகுத்தார். இருபது. கீழே ஒருத்தியும் இல்லை. அடுத்த மூன்று நாளும் அப்படியே. துரை அந்தக் கணக்கையே நிறுத்தச் சொன்னார். மீனம்மாவின் பேர் செக்ரோல் பேரேட்டில் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயில் வாசலில் டக்ளஸ், தோட்டப் பள்ளிக்கூடத்து மத்தியாஸ் வாத்தியாரைப் பிடித்துவைத்துக் கப்பல் கதையை முழுக்கச் சொன்னார்.

"எவ்வளவு பெருந்தன்மையான யாவாரிங்க, வாத்தியாரே! நம்ம சனத்துக்கு இதெல்லாம் எங்க வரப்போவுது?"