நாற்பது அட்டைகள்

பெண்கள் சிறையின் வாசலில் ஒரு விதி உண்டு. கெட்டி அட்டை போட்ட புத்தகம் உள்ளே போகாது. அட்டைக்கு நடுவே பிளேடை ஒளித்துவிடலாம் என்பது காரணம். ஊரார் புத்தகங்களுக்கு அட்டை கட்டிப் பிழைத்த பைண்டர் அக்கா, பதினான்கு வருடமாகச் செவ்வாய்தோறும் அட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். வேதப்புத்தகத்தின் முதுகைத் தையல் அறாமல் கத்தியால் கீறி, மெல்லிய துணியை ஒட்டிக் காயவைத்து, புதன்கிழமை பையில் போட்டுக்கொண்டு சிறைக்குக் கிளம்புவாள்.

அவளைப் பெரிய பக்திக்காரி என்று யாரும் சொன்னதில்லை. பிரசங்கத்தில் தூங்குவாள். பாடினால் பக்கத்தில் இருப்பவர்கள் நகர்ந்து உட்காருவார்கள். மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். "உன் வாய்க்கும் ரெண்டு தையல் போட்டாத்தான் சரிப்படும்" என்று பசையைக் கலக்கிக்கொண்டே கணவர் சொல்வார். புதன்கிழமை தவறாமல் போனாள் என்பது ஒன்றைத்தான் அவளைப் பற்றி நல்லதாகச் சொல்ல முடியும்.

அப்படிப் போன இடத்தில்தான் வாக்குக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். கணவனைக் கொன்ற வழக்கில் பதினொரு வருடமாக உள்ளே இருந்த ஒருத்தியை முன்கூட்டி விடுவிப்பது பற்றி அடுத்த வியாழக்கிழமை குழு கூடி முடிவெடுக்கும். தங்க இடமும் செய்ய வேலையும் தருவதாக வெளியே யாராவது பொறுப்புக் கடிதம் கொடுக்க வேண்டும். கடிதம் இல்லாவிட்டால் இன்னொரு வருடம் போய்விடும். கூடப்பிறந்தவர்கள் பதிலே போடவில்லை. "சபை இருக்கே, நீ ஏன் கவலைப்படுற?" என்று அக்கா சொல்லிவிட்டு வந்தாள். சிறையில் இருப்பவர்களுக்காக ஞாயிறுதோறும் கண்ணை மூடி ஜெபிக்கிற சபை, அதை மனதாரத்தான் ஜெபிக்கிறது என்று அவள் நம்பிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை கடிதத்தை எழுதி எடுத்துக்கொண்டு, முத்திரை வாங்கச் சபைச் செயலாளரிடம் போனாள். அவர் முதலில் அட்டையைப் பற்றித்தான் பேசினார். அந்த மாதம் அங்கத்தினர்கள் நாற்பது வேதப்புத்தகங்கள் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு அட்டையிலும் கொடுத்தவர் பெயர் தங்க எழுத்தில் இருந்தது. அதையெல்லாம் கழற்றிவிட்டாளாமே, அவர்கள் மனம் புண்படாதா என்று கேட்டார். சிறை விதியைச் சொன்னாள். அப்படியானால் அட்டைகளையாவது பத்திரமாகத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். பிறகுதான் கடிதத்தைப் படித்தார்.

"புருஷனைக் கொன்னவம்மா இவ. நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா சபை பேர் என்னாகும்? உள்ள போய் ஜெபம் பண்ணுங்க, வேண்டாங்கல. அதுக்காகக் கையோட கூட்டிட்டு வரணுமா?"

"பதினொரு வருஷமா அவளுக்காகவுந்தானே ஐயா ஜெபிச்சோம். என்னன்னு கேட்டோம், அவ அங்கயே இருக்கணும்னா?"

அவர் இழுப்பறையைத் திறந்து முத்திரையைப் பார்த்தார். மறுபடி மூடினார். அடுத்த மாதம் சபைக் கமிட்டியில் வைக்கிறேன் என்றார்.

அவள் வீடு வரும்வரை கொதித்துக்கொண்டே நடந்தாள். கொடுத்த புத்தகத்தில் பெயர் பொறித்துக்கொள்ளத் தெரிகிறது. கொடுக்க வேண்டிய கடிதத்தில் பெயரைப் போடக் கை நடுங்குகிறது. நடுவில் ஒரு மதில் நிற்கும்வரைதான் இவர்களுக்கு இரக்கம் வருமா? கடைக்குள் நுழைந்ததும் எல்லாவற்றையும் கணவரிடம் கொட்டினாள். அவர் வேலையை நிறுத்தாமல் கேட்டார்.

"சபை இருக்குன்னு சொன்னியே, யாரைச் சொன்ன? அதுல நீ இல்லையா?"

அவளுக்குச் சுருக்கென்றது. செயலாளரைத் திட்டிய வார்த்தைகளில் பாதி தனக்கும் சேர வேண்டியவை என்று அப்போதுதான் தெரிந்தது. கடைக்குப் பின்னால் காகிதக் கட்டுகள் அடைந்து கிடந்த அறை பதினான்கு வருடமாக அங்கேயேதான் இருந்தது. ஒரு நாளும் அவள் கண்ணில் படவில்லை. இரண்டு நாளில் அதை ஒழித்துக் கட்டில் போட்டார்கள். கடையின் பெயர் அச்சிட்ட தாளில் கடிதத்தை எழுதி இருவரும் கையெழுத்திட்டார்கள்.

புதன்கிழமை சிறை நல அதிகாரி கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சபைன்னு சொன்னீங்களே, முத்திரை எங்கம்மா?"

"முத்திரை டிராயர்ல இருக்கு சார். ஆளு இங்க நிக்கிறேன்."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் கடிதத்தைக் கோப்பில் வைத்தார். மறுநாள் குழு ஒப்புக்கொண்டது. ஒரு மாதம் கழித்து அந்தப் பெண் ஒரு பையோடு வெளியே வந்தாள்.

செயலாளர் அட்டைகளைக் கேட்டு இரண்டு முறை ஆள் அனுப்பியிருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்காவும் அந்தப் பெண்ணுமாக அட்டைகளைக் கட்டாகக் கட்டித் தூக்கிக்கொண்டு ஆலயத்துக்குப் போனார்கள். அவர் கட்டைப் பிரித்து, எழுத்து எதிலும் கீறல் விழவில்லை என்று பார்த்துத் திருப்தியாகி, கூட வந்தவளை விசாரித்தார்.

"புதுசா இருக்கீங்களே, யாரும்மா நீங்க?"

"நீங்க எனக்காக ஜெபிப்பீங்களாமே. அக்கா சொன்னாங்க."

அட்டைகள் அவர் கையிலேயே இருந்தன. அக்கா அவளை இரண்டாவது வரிசையில் உட்காரவைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்தாள். முன்வரிசையில் ஒரு குடும்பம் எழுந்து பின்னால் போனது. பைண்டர் அக்கா அன்றைக்குத் தூங்கவில்லை. செயலாளர் எழுந்து நின்று சிறையில் இருப்பவர்களுக்கான ஜெபத்தைத் தொடங்கியபோது எல்லோரும் கண்ணை மூடினார்கள். அக்கா மட்டும் திறந்துவைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள்.