உயிரோடு இருக்கிறவனுக்கு ஒரு பாட்டு

என் கணவர் சவுரிமுத்துவுக்குத் தொழில் கார் ஓட்டுவது. பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து கிளம்பி, ஐ.டி. ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் சிறுசேரியில் இறக்கிவிடுவார். மற்ற நேரத்தில் அவர் ராப் பாடகர். இதை நான் சொல்லாவிட்டால் அவரே சொல்லிவிடுவார். சிக்னலில் வண்டி நின்றால் போதும், போனில் வரிகளை முணுமுணுத்துப் பதிவு செய்வார். பின்சீட்டில் எல்லாரும் காதில் எதையாவது மாட்டிக்கொண்டிருப்பதால் இதுவரை யாரும் புகார் கொடுக்கவில்லை.

முன்பு ஆள் இரண்டு. ஆற்றங்கரை வீடுகளை இடித்து, லாரியில் ஏற்றி இங்கே கொண்டுவந்து இறக்கிய குடும்பங்களில் இவருடையதும் ஒன்று, பாலகுரு அண்ணனுடையதும் ஒன்று. புது இடத்தில் யாரையும் தெரியாத அந்த இரண்டு பையன்களுக்கும் மொட்டைமாடிதான் எல்லாம். குரு அண்ணன் வாயாலேயே தாளம் போடுவார், இவர் பாடுவார். பிறகு குரு அண்ணனுக்கு சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கார் பாகங்கள் கம்பெனியில் வேலை கிடைத்தது. கல்யாணமும் ஆகி அங்கேயே குடித்தனம் போய்விட்டார். சண்டையெல்லாம் இல்லை. போன் குறைந்தது, அப்புறம் நின்றது. குழந்தை பிறந்த செய்தி வாட்ஸ்அப்பில் வந்தபோது இவர் ஒரு சிவப்பு இதயத்தை அனுப்பினார். அதோடு சரி.

"நீங்களே போன் பண்ணுங்களேன்" என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

"சண்ட போட்டிருந்தா நானே போய் சமாதானம் ஆயிருப்பேன் ஜெரூஷா. ஒண்ணுமே நடக்கலியே, இன்னான்னு சொல்லி போன் பண்றது? அவன் பண்ணட்டும்" என்பார். வீம்பு.

அந்த வீம்புதான் பாட்டாக வந்தது. குரு அண்ணன் கேட்பார், கேட்டதும் கூப்பிடுவார் என்பதுதான் கணக்கு. பணமோ பேரோ அவருக்கு வேண்டியிருக்கவில்லை, அந்த ஒரு போன்தான் வேண்டியிருந்தது.

எங்கள் பக்கம் யாராவது இறந்தால் ராத்திரி முழுக்க கானா பாடுவார்கள். போட்டோவுக்கு மாலை போட்டு, 'எங்கே போனாய்' என்று இறந்தவரையே கேட்டுக் கேட்டுப் பாடுவார்கள். சின்ன வயதில் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து வளர்ந்தவர் சவுரி. சோகமாக எதை எழுதினாலும் அந்த அச்சில்தான் வந்து விழும்.

எங்க போன குரு, எங்க போன?
மொட்டமாடி கேக்குது, நான் இன்னா சொல்ல?
ஒரே பரோட்டா, ரெண்டு பேரு
ஒரே இயர்போன், ஆளுக்கொரு காது

வீடியோவின் நடுவில் குரு அண்ணன் போட்டோ. சுற்றிலும் வெள்ளைப் பூ. "அழகா கீதில்ல?" என்று கேட்டார். நான் சாதம் வடித்துக்கொண்டே திரும்பிப் பார்க்காமல் "சூப்பர்" என்றேன். ஸ்டேட்டஸில் போட்டுவிட்டு வேலைக்குப் போனார்.

முதல் ட்ரிப் முடித்துத் திரும்பும்போது எங்கள் பிளாக் வாசலில் கூட்டம். பாதிப் பேர் அழுகிறார்கள். கீழ்வீட்டு துளசிங்கம் ஷாமியானாவுக்குச் சொல்லிவிட்டிருந்தார். குரு அண்ணனின் அம்மா அங்காளம்மா வீடு பூட்டியிருந்தது. மகன் செத்த சேதி கேட்டு ஓடிவிட்டார் என்று இவர்களே முடிவு கட்டியிருந்தார்கள். அவரோ வழக்கம்போல மீன் எடுக்கப் போயிருந்தார். கூடையோடு திரும்பி வந்தவரைக் கட்டிக்கொண்டு நாலு பேர் ஓலமிட்டால் அவர் என்ன ஆவார்?

"எம் புள்ளைக்கு இன்னாடா ஆச்சு?" என்று சவுரியின் சட்டையைப் பிடித்தார்.

"ஒண்ணும் ஆவலம்மா! நான் சும்மா பாட்டுதான் போட்டேன்."

"அப்ப ஏன்டா போன் எடுக்க மாட்றான்?"

மகன் போன் அடித்துக்கொண்டே இருந்தது. மருமகள் சரசுவின் போன் எப்போதும் பிஸி. பாட்டுப் போட்ட ஆளுக்கே பயம் வந்துவிட்டது! அங்காளம்மாவையும் என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு பறந்தார். தாம்பரம் தாண்டியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அழுகை வந்தது.

கம்பெனி கேட்டில் எங்களுக்கு முன்னாலேயே சரசு, இடுப்பில் குழந்தையோடு, வாட்ச்மேனிடம் கத்திக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து எங்கள் பிளாக்கே அவளிடம் துக்கம் விசாரித்திருக்கிறது. கொஞ்ச நேரத்தில் யூனிஃபார்மோடு குரு அண்ணன் வெளியே வந்தார். ஷிப்டில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டுமாம். அங்காளம்மா மகன் முதுகில் ரெண்டு சாத்திவிட்டு, அவர் தோளிலேயே சாய்ந்து அழுதார்.

சரசுவின் போனை வாங்கி, வெயிலில் நின்றபடியே முழுப் பாட்டையும் பார்த்தார் குரு அண்ணன். சவுரி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தார்.

"செத்தாத்தான் எம்மேல பாட்டு போடுவியா மச்சான்? உசுரோடதான கீறேன். ஒரு தபா போன் பண்ணா இன்னா?"

"நீ பண்ணுவன்னு பாத்துகினு இருந்தேன்டா."

"நானும் அதான்டா பாத்துகினு இருந்தேன்."

குரு அண்ணன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, குழந்தையைத் தூக்கி இவர் கையில் கொடுத்தார். "ஷிப்ட் முடியறவரிக்கும் வூட்ல இரு. போயிடாத."

குழந்தை சவுரியை ஒரு பார்வை பார்த்தது. வாயைப் பிளந்து அழ ஆரம்பித்துவிட்டது. என்ன செய்தும் நிற்கவில்லை.

"ஏன்டா இப்டி அழுவுது?" என்றார் சவுரி, பாவமாக.

"பின்ன? யாருன்னு தெரியாதுல்ல அதுக்கு" என்றார் குரு அண்ணன்.

சவுரி அந்தப் பாட்டை அங்கேயே அழித்தார். மொட்டைமாடி, பரோட்டா, இயர்போன் எல்லாம் இருந்த பாட்டு. நல்ல பாட்டுதான். இப்போது எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் சிங்கப்பெருமாள் கோவிலில்தான் கழிகின்றன. ஐந்தாறு வாரம் குழந்தை இவரைக் கண்டாலே அலறியது. போன ஞாயிறு வாசலில் இவரைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டியது.