அட்டைகள் ஏறிய ஸ்கேட்போர்ட்

கண்டியில் மட்டமான இடம் என்று ஒன்று இருக்குமானால் அது வாவியின் தண்ணீர் மட்டும்தான். மற்றதெல்லாம் ஏற்றம், இல்லையென்றால் இறக்கம். இப்படிப்பட்ட ஊரில் நல்ல காரியத்துக்குப் பணம் சேர்க்க நினைத்தவர்கள், உலகத்தில் எத்தனையோ பொருள் இருக்க, ஸ்கேட்போர்டைத் தேர்ந்தெடுத்தார்கள். நான்கு சின்னச் சக்கரம் வைத்த பலகை. ஹந்தானை வீதியில் அதன்மேல் ஏறி நின்றால் நேரே ஆஸ்பத்திரி வாசலில் போய் இறங்கலாம், பஸ் காசு மிச்சம். அந்தப் பலகைகளில் கலைஞர்கள் படம் வரைவார்களாம், பணக்காரர்கள் ஏலத்தில் எடுப்பார்களாம், ஏழைகள் வாழ்வார்களாம்.

நான் சித்திர டீச்சர். குண்டசாலையில் வாடகைக்கு இருந்துகொண்டு டவுனில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸில் போய் வருகிறேன். பிறந்தது ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில். இந்தக் கடைசி விவரம்தான் என்னைக் கலைஞர் ஆக்கியது. ஏலத்தை நடத்திய அம்மணி டெலிபோனில் அதை ஒளிக்கவும் இல்லை.

"டீச்சர், பன்னிரண்டு ஆர்ட்டிஸ்ட் எடுத்திட்டம். தோட்டப் பக்கத்து ஆள் ஒருத்தரும் இல்லை எண்டு இப்பதான் கவனிச்சனாங்கள். நீங்கள் ஒண்டு செய்து தர ஏலுமோ?"

அவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து, பாதி ஆயுளை அவுஸ்திரேலியாவில் கழித்து, கண்டியில் கோப்பிக் கடை திறந்தவர். அவர் விற்கும் ஒரு கோப்பைக் கோப்பியின் விலையில் எங்கள் லயத்தில் ஒரு குடும்பம் ஒரு கிழமை தேத்தண்ணீர் குடிக்கும். ஆனால் மனது கெட்ட மனிதர் இல்லை. இதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் என் வாய்க்கு நான் பொறுப்பில்லை.

ஒவ்வொரு கலைஞரும் ஒரு தொண்டு அமைப்பின் பெயரைக் கொடுக்கவேண்டும். அவருடைய பலகை எடுத்த காசு அந்த அமைப்புக்குப் போகும். மற்றவர்கள் தெருநாய்க் காப்பகம், வாவியைச் சுத்தம் செய்யும் சங்கம், முதியோர் இல்லம் என்று கொடுத்திருந்தார்கள். நான் என் தங்கச்சியின் பிள்ளைக் காம்பராவைக் கொடுத்தேன்.

கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம்தான் பிள்ளைக் காம்பரா. தங்கச்சி அங்கே பத்தொன்பது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள். கூரைத் தகரம் சல்லடையாகிப் பல வருடமாகிவிட்டது. மழை வந்தால் பிள்ளைகளைவிட வாளிகளுக்குத்தான் அங்கே அதிக இடம் வேண்டும். பிள்ளைகள் நனையத் தொடங்கியதும் மலைக்கு ஆள் அனுப்பித் தாய்மாரைக் கூப்பிடுவாள். அவர்கள் பாதி வேலையில் இறங்கி வருவார்கள், அன்றைக்கு அரைப் பேர், அதாவது அரைச் சம்பளம். தோட்டத்துத் துரையோ, இந்த வருடம் கூரைக்கு ஒதுக்கவில்லை என்றும், ஐப்பசி மழைக்கு முன் நீங்களாகச் சரிப்படுத்தாவிட்டால் காம்பராவை மூடிவிட்டுப் பிள்ளைகளைக் கீழ் டிவிசனுக்கு அனுப்பப்போவதாகவும் சொல்லிவிட்டார். கீழ் டிவிசனுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தால் ஒரு மணி நேரம். சொல்வதற்கு அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

பலகை வந்தது. படத்தை அடிப்பக்கத்தில்தான் வரையவேண்டுமாம். மேல்பக்கம் கால் வைப்பதற்கு. அதாவது ஓட்டுகிறவர் குப்புற விழுந்தால்தான் கலை கண்ணில் படும். என்ன வரைவது என்று கேட்டேன்.

"கொழுந்து எடுக்கிற பொம்பிளை ஒண்டு, கூடையோட, சிரிச்சுக்கொண்டு. சனத்துக்கு அது நல்ல விருப்பம்."

மலையில் சிரித்துக்கொண்டு கொழுந்தெடுத்த ஒருத்தியையும் நான் பார்த்ததில்லை. அங்கே வாயைத் திறந்தால் பூச்சி போகும், இல்லையென்றால் கங்காணியின் ஏச்சு வரும். கால் வைக்கும் பலகைதானே, காலுக்குரியதையே வரைவோம் என்று தீர்மானித்து, ஏழு அட்டைகளை வரைந்தேன். மழைநாளில் புல்லுக்குள் இருந்து காலில் ஏறி இரத்தம் குடிக்கும் அதே அட்டைகள். மனித வாடை பட்டதும் வாலில் எழும்பி நின்று தலையை ஆட்டித் தேடுமே, அந்த நிலையில் ஏழும் நின்றன. பலகையின் ஓரத்தில் ஒரு துண்டு சவர்க்காரம். காலில் பூசிக்கொண்டு போனால் அட்டை ஏறாது. இரண்டு கிழமை கஷ்டப்பட்டு வரைந்தேன், பெருமையாகவும் இருந்தது.

அம்மணி கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

"வடிவாக் கிடக்கு டீச்சர். கடல் குதிரையோ?"

"அட்டைங்க."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "ஓம், ஓம், கொன்செப்ட் விளங்குது" என்றார். விளங்கவில்லை என்பது எனக்கு விளங்கியது.

இந்த இடத்தில் எங்கள் தோட்டத்துக் கோயில் ஏலத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் பிறகு நடந்தது புரியாது. புரட்டாதிக்குச் சற்று முன் மாதா திருநாள் வரும். பூசை முடிந்ததும், ஆட்கள் காணிக்கையாகக் கொண்டுவந்த பூசணிக்காய், சேவல், வாழைக்குலை எல்லாவற்றையும் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் ஏலம் கூறுவார். அதற்கு எங்கும் எழுதாத இரண்டு சட்டம் உண்டு. ஒருவர் கொடுத்த பொருளுக்கு அவர் வீட்டு ஆட்களே முதல் விலை கேட்கவேண்டும், கேட்க ஆளில்லாமல் அது கிடந்தால் கொடுத்தவருக்கு அவமானம். இரண்டாவது, ஏலத்தில் எடுத்தவர் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார். காசைக் கொடுத்துவிட்டு, "மாதாவுக்கே" என்று பொருளைத் திருப்பிக் கொடுப்பார். உபதேசியார் மறுபடி கூறுவார். ஒரே பூசணிக்காய் எட்டுத் தரம் விற்கும். நாற்பது வருடமாக நான் இதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். ஒருமுறைகூடக் கை தூக்கியதில்லை. பூசணிக்காய்க்கு எட்டு விலை கொடுக்கும் சனம் எப்படி முன்னேறும் என்று திருநாள் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே பேசுவேன்.

ஸ்கேட்போர்ட் ஏலம் மலைமேல் ஒரு ஹோட்டலில், சனிக்கிழமை பின்னேரம். உதவி பெறுகிறவர்களும் வரவேண்டும் என்று அம்மணி சொல்லியிருந்தார். படம் எடுக்கவேண்டுமல்லவா? நாய்க் காப்பகத்திலிருந்து ஒரு நாய் வந்திருந்தது. எங்கள் பக்கத்திலிருந்து தங்கச்சியும் ஆறு தாய்மாரும் திருநாள் சேலைகளைக் கட்டிக்கொண்டு வேன் பிடித்து வந்தார்கள். ஆளுக்கொரு எண் எழுதிய மட்டையைக் கொடுத்து உள்ளே விட்டார்கள். எல்லோரும் நாயைத்தான் தடவிக் கொடுத்தார்கள்.

ஆறு பலகையில் பெரஹரா ஊர்வலத்து யானை. நான்கில் வாவி. இரண்டில் சிரிக்கும் கொழுந்துக்காரி, இரண்டையும் வரைந்தவர்கள் மலை ஏறாத ஆண்கள். எல்லாம் நல்ல விலைக்குப் போயின. கடைசியாக என் அட்டைகளைத் தூக்கிப் பிடித்தார்கள். ஏலம் கூறியவர் கோட்டுப் போட்ட கொழும்புத் தம்பி, தமிழில் அவருக்கு வணக்கம் மட்டும்தான் வரும். பத்தாயிரத்தில் தொடங்கினார். ஒருவரும் அசையவில்லை. முன் வரிசையில் ஒரு பெண் காலை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டார்.

அக்கா கொடுத்த பொருள் கேட்பாரற்றுக் கிடப்பதைத் தங்கச்சி பொறுப்பாளா? மட்டை உயர்ந்தது. கலைஞர் வரிசையிலிருந்து நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அக்கா ஏற்றச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது. மரியாதைக்காக ஒரு பல் டாக்டர் பன்னிரண்டு என்றார். தங்கச்சி பதினைந்து என்றாள். டாக்டர் மரியாதையை அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

கை தட்டினார்கள். தங்கச்சி எழுந்து நின்று, கோயில் முற்றத்தில் சொல்வதுபோலவே கணீரென்று சொன்னாள்:

"மாதாவுக்கே குடுத்துட்டோங்க. திரும்பக் கூறுங்க!"

கோட்டுத் தம்பி புன்னகைத்து, கைகுலுக்கி, பலகையை அவள் கையில் கொடுத்துவிட்டு ஏலத்தை முடித்துவைத்தார்.

அம்மணி ஓடி வந்தார். "இஞ்ச அப்பிடித் திரும்ப விடுறேல்லை அம்மா. பறவாயில்லை, நாங்கள் இதைக் கான்சல் பண்ணுவம்."

"அதெப்படிங்க? மாதா பேரச் சொல்லிக் கேட்டாச்சு. கேட்ட வெல கேட்டதுதான்" என்றாள் தங்கச்சி. பிறகு பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, என்னிடம் மெதுவாக, "அக்கா, இத வச்சி என்னா செய்யிறது? கூரைக்குத்தானே வந்தோம்" என்று கேட்டாள்.

ஏழு பெண்களும் முந்தானை முடிச்சையும் பர்ஸையும் அவிழ்த்தார்கள். வேன் வாடகையும் அதில் போனது. மீதியை நான் போட்டேன். எனக்கு அப்படி ஓர் ஆத்திரம். அவள்மீதா, அம்மணிமீதா, சிரித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிய அந்த மண்டபத்தின்மீதா, இன்றைக்கும் தெரியாது. வேனில் வரும்போது, "ஒனக்கு அறிவே இல்லையா?" என்று கத்தினேன். அவள் பலகையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்தபடி இருந்தாள்.

ஒரு மாதத்தில் உறை வந்தது. மண்டபம், விளக்கு, சிற்றுண்டி எல்லாச் செலவும் கழித்து மிச்சம். எங்கள் காசே எங்களிடம் திரும்பி வந்திருந்தது, வழியில் கொஞ்சம் கேக் சாப்பிட்டுவிட்டு. அதில் நான்கு தகரம் வாங்கலாம், காம்பராவுக்கு முப்பது வேண்டும். தெருநாய்களுக்கு ஓட்டுக் கூரையே போட்டார்கள். நாய்கள் நன்றாக இருக்கட்டும்.

மாதா திருநாள் வந்தது. தங்கச்சி பலகையைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து, பூசணிக்காய்க்கும் சேவலுக்கும் நடுவில் வைத்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. உபதேசியார் அதைத் தூக்கிச் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தார்.

"சக்கரம் வச்ச பலகங்க. எதுக்குன்னு எனக்கும் தெரியாது. பிள்ளைக் காம்பரா கூரைக்கு வந்திருக்கு" என்றவர், அடிப்பக்கத்தைத் திருப்பியதும் நின்றுவிட்டார். "அடே, அட்ட!"

கூட்டம் எட்டிப் பார்த்தது. "நம்ம மல அட்டதான்டா, எந்திரிச்சு நிக்குது பாரு!" என்று யாரோ கத்தினார்கள். ஒரு பெண் குனிந்து தன் காலைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். சவர்க்காரத் துண்டைக்கூடக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒருவரும் கொன்செப்ட் கேட்கவில்லை.

தங்கச்சி முதல் விலை கேட்டாள். மாதாவுக்கே. பிறகு ஆறு தாய்மாரும் ஒவ்வொருவராக. மாதாவுக்கே, மாதாவுக்கே. பிறகு லொறி டிரைவர், தேயிலை ஆலையில் வேலை செய்யும் அண்ணன் தம்பி இருவர், கோயிலுக்கே வராத ஒரு பெரியவர். எங்கள் கோயிலைச் சேராத சைவக் குடும்பங்களும் கேட்டன, அவர்கள் பிள்ளைகளும் அந்தக் கூரைக்குக் கீழேதானே தூங்குகின்றன? ஆயிரம், இரண்டாயிரம், ஐந்நூறுகூட. ஒரு கட்டத்தில் கைகள் ஓய்ந்தன. இருந்தவர்கள் எல்லோரும் ஒருமுறை எடுத்துவிட்டார்கள். இன்னும் ஆறு தகரத்துக்குக் காசு போதாது என்றார் உபதேசியார்.

"ஒரு தரம்... ரெண்டு தரம்..."

தங்கச்சி என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் நான் வீம்புக்குப் பேசாமல் இருந்திருப்பேன். புது டெலிபோன் வாங்கச் சேர்த்துவைத்த காசு நினைவுக்கு வந்தது. ஆறு தகரத்தின் விலைக்குக் கை தூக்கினேன்.

கூட்டம் முழுதும் திரும்பிப் பார்த்தது. சோற்றுக்கு மட்டும் வரும் டீச்சர் என்று எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது. பலகையை என் கையில் கொடுத்துவிட்டு உபதேசியார் கேட்டார்:

"டீச்சரம்மா, வீட்டுக்கா, மாதாவுக்கா?"

என்னிடம் ஒரு நக்கல் பதில் தயாராக இருந்தது. ஆனால் பலகையை அவரிடமே நீட்டினேன். "மாதாவுக்கே" என்று நான் சொன்னது பக்கத்தில் நின்றவருக்குக்கூடக் கேட்டிருக்காது.

அதற்குப் பிறகு கேட்க ஆளில்லை. பலகை இப்போது கோயிலில், மாதா சுரூபத்தின் காலடியில் இருக்கிறது. சுரூபத்தில் பாம்பை மிதித்து நிற்கும் தாய்க்கு அட்டை பெரிய காரியமில்லை என்கிறார் உபதேசியார்.

ஐப்பசியில் அம்மணியிடமிருந்து செய்தி வந்தது. அடுத்த வருடம் கடலில் சறுக்கும் பலகையில் வரையப்போகிறார்களாம். கடலுக்குக் கண்டியிலிருந்து மூன்று மணி நேரம். வருகிறேன் என்று பதில் போட்டேன், கொழுப்பு குறையவில்லை.

அதே கிழமை, ஒரு நாள் காலை பத்து மணிக்கு, பள்ளிக்கூடத்தில் ஜன்னலை மறைக்கும் மழை. தங்கச்சியின் அழைப்பு வந்தது. மழை நேரத்தில் அவள் அழைத்தால் ஒரே ஒரு செய்திதான் இருக்கும்: பிள்ளைகள் நனைகிறார்கள், தாய்மாரைக் கூப்பிட ஆள் போயிருக்கிறது. எடுத்தேன். அவள் டெலிபோனை மேலே தூக்கிப் பிடித்திருக்கிறாள். புதுத் தகரத்தில் மழை விழும் சத்தம், காது கிழிகிற மாதிரி. வாளியில் சொட்டும் சத்தம் இல்லை.

"கேக்குதா அக்கா?" என்றாள் கடைசியில். "இந்தச் சத்தத்துலயும் பத்தொம்பதும் தூங்குதுங்க. யாரையும் மலையிலேருந்து கூப்புடல."

கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து மேசை டீச்சர் என்னவென்று கேட்டார். தடிமன், மூக்கு ஒழுகுகிறது என்றேன்.